அவன் கதையை 'நான்'னு சொல்றது: காலேஜ் வகுப்புல கதை மாத்திக்கிற பயிற்சியை நடத்துறது எப்படி

எங்க வகுப்புல பசங்க பஸ் ரூட் படிதான் உக்காருவாங்க. அரூர் பஸ்ல வர்றவங்க ஒரு வரிசை, பென்னாகரம் பஸ்காரங்க ஜன்னலோரம், பாலக்கோடு காரிமங்கலம் பக்கம் நடுவுல, தருமபுரி டவுன்லயே வீடு இருக்கிறவங்க முதல் பெஞ்சு, தேன்கனிக்கோட்டை பக்கத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்குற நாலஞ்சு பேரு கடைசியில. காலையில பஸ்ல யாரு பக்கத்துல நின்னுட்டு வந்தாங்களோ அவங்க பக்கத்துலயேதான் சாயங்காலம் வரைக்கும். மூணு வருஷம் முடிஞ்சு குரூப் போட்டோ எடுக்கறப்பவும் பாத்தா அதே வரிசை அப்படியே நிக்கும்.

பஸ் மட்டும் காரணம் இல்லன்னு நம்ம பக்கத்துல இருக்கிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. "எந்தூரு?"ன்னு ஒருத்தன் கேப்பான், ஊர் பேரைச் சொன்னா "ஊர்ல எந்தப் பக்கம்?"னு அடுத்த கேள்வி வரும், அந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் வந்ததும் யாரு யாரோட உக்காரணும்ங்கறது முடிவாயிடும். 2012 நவம்பர்ல தருமபுரிக்குப் பக்கத்துல நாய்க்கன்கொட்டாய் பக்கம் சாதிக் கலவரத்துல தலித் காலனி வீடுங்க எரிஞ்சப்போ இப்ப என்கிட்ட படிக்கிற பசங்களுக்கு அஞ்சாறு வயசுதான் இருக்கும், ஆனா அதை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுல ஒவ்வொரு விதமா கேட்டு வளந்திருக்காங்க. அந்தப் பசங்கதான் என் வகுப்புல ஒரே பாடத்தை ஒரே நோட்டுல எழுதிட்டு மூணு வருஷம் பேசிக்காம போறாங்க.

நான் மொழிப்பாடம் எடுக்கிற ஆளு. நாலு வருஷமா ஒரு பயிற்சி நடத்திட்டு வர்றேன், அதை எப்படிப் பண்றதுன்னு ரெண்டு மூணு பேரு போன்ல கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா எழுதிடலாம்னு. புரொஜக்டர் வேணாம், ஃபண்டு வேணாம், வெளியில இருந்து ட்ரெய்னர் வரவேணாம், ரெண்டு பீரியட் சேந்தாப்ல கெடைச்சா போதும் (அது கெடைக்கறதுதான் உலகத்துலயே கஷ்டம், டைம்டேபிள் போடுற சாருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க).

விஷயம் இவ்வளவுதான். அதிகம் பழக்கமில்லாத ரெண்டு பேரைச் சேத்து விடறோம். அவன் தன் வாழ்க்கையில நடந்த ஒண்ணை இவன்கிட்ட சொல்றான், இவன் தன்னோடதை அவன்கிட்ட சொல்றான். அப்புறம் எல்லாரும் வட்டமா உக்காந்து ஆளுக்கு ஒரு கதை சொல்லணும், ஆனா தன் கதையை இல்ல, ஜோடியோட கதையை. அதுவும் "அவன் இப்படிப் பண்ணானாம்"னு சொல்லக்கூடாது, "நான் இப்படிப் பண்ணேன்"னு சொல்லணும். அமெரிக்காவுல நேரட்டிவ் ஃபோர்னு ஒரு அமைப்பு பத்து வருஷத்துக்கும் மேல இதையே ஸ்கூல் காலேஜ்கள்ல நடத்திட்டு வருது, நானும் அங்க இருந்துதான் எடுத்தேன், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

பசங்ககிட்ட சொல்றப்ப நான் அமெரிக்காவுல ஆரம்பிக்கறதில்ல, கூத்துல ஆரம்பிப்பேன். நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பாக்காத ஊரு கம்மி. ரெண்டு பேரு திரையைப் புடிச்சிருப்பாங்க, பின்னாடி சலங்கை சத்தம் கேக்கும், கட்டியங்காரன் யாரு என்னன்னு கேப்பான், வேஷம் கட்டினவரு தன் பேரைச் சொல்லமாட்டாரு, "நான்தான் கர்ணன்"னு சொல்லிட்டு வருவாரு. காலையில அவரு ஏர் ஓட்டுற ஆளுன்னு ஊருக்கே தெரியும், ஆனா ராத்திரி முழுக்க அவரு கர்ணன்தான், கர்ணன் படுற அவமானமும் அவரோடதுதான். இதை மட்டும் சொன்னா போதும், "அட இதானா சார்"ங்கற மாதிரி பாப்பானுங்க. பயிற்சியோட உயிர் அந்த 'நான்'லதான் இருக்கு. அடுத்தவன் கதையைக் கேட்டா பாவம்னு நெனச்சிட்டுப் போயிடலாம், ஆனா அதே கதையை நம்ம வாயால நான்னு சொல்லணும்னா அவன் எங்க நின்னான், கையில என்ன வெச்சிருந்தான், அப்ப ஏன் வாயைத் தொறக்கலைன்னு நாமளே உள்ள போய்ப் பாத்தாகணும், பாக்காம சொல்ல வராது.

நான் முதல் தடவை கெடுத்தது

எப்படிப் பண்ணக்கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நான் அதைத்தான் முதல்ல பண்ணேன். ஜோடி கீடி எல்லாம் அப்ப தெரியாது. ஐம்பத்தெட்டு பேரு வகுப்பு, போர்டுல "என் வாழ்க்கையில மறக்க முடியாத கஷ்டம்"னு எழுதிட்டு யாரு வேணா வந்து சொல்லலாம்னுட்டேன். முதல்ல ஒரு பையன் வந்து அவங்கப்பா குடிக்கிறதைச் சொன்னான். அடுத்தவன் அதைவிடப் பெருசா ஒண்ணு சொன்னான். நாலாவது ஆளு வர்றப்ப அது போட்டி மாதிரி ஆயிடுச்சு, டிவியில அழவெக்கிற ஷோ இருக்கும் பாருங்க அதேதான். அஞ்சாவதா ஒரு பொண்ணு எழுந்து அவங்க அக்காவுக்குப் பதினாறு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சதைச் சொல்ல ஆரம்பிச்சு பாதியில அழுதிருச்சு, நான் என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறேன், அதே நேரம் பெல் அடிக்குது, அடுத்த பீரியட் சார் வாசல்ல வந்து நிக்கறாரு, எல்லாரும் பையைத் தூக்கிட்டுக் கெளம்பறாங்க.

அந்தப் பொண்ணு நாலு நாள் காலேஜுக்கு வரல. வந்தப்ப பின் பெஞ்சுல அதுக்கு ஒரு பட்டப்பேரு ரெடியா இருந்துச்சு. இது முழுக்க என் தப்பு, பசங்க தப்பு பாதிகூட இல்ல. அப்புறம் ஒரு வருஷம் இந்தப் பக்கமே போகல.

அதுல கத்துக்கிட்டது மூணு. கஷ்டத்தைத் தலைப்பாக் குடுக்கக்கூடாது. ஐம்பது பேரு முன்னாடி யாரையும் தனியா நிக்க வெக்கக்கூடாது. பெல் அடிக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே கதை எல்லாம் முடிஞ்சிருக்கணும்.

தலைப்பு

சின்னத் தலைப்பா குடுங்க, பெருசாக்கணுமா வேணாமாங்கறதை அவங்களே முடிவு பண்ணட்டும். எனக்கு நல்லா வேலை செஞ்சது: "முதல் தடவை தனியா பஸ் ஏறின நாள்", "எங்க வீட்டுல தூக்கிப் போட மனசு வராத ஒரு பொருள்", "என் பேரு எப்படி வந்துச்சு", "உடம்புல ஒரு தழும்பு, அது வந்த கதை", "வீட்டுல பொய் சொல்லி மாட்டிக்கிட்டது". பொருள் தலைப்பு ஒண்ணு போதும் சொல்லப்போனா. ஒரு பையன் கேழ்வரகு களி கிண்டுற துடுப்பைப் பத்தி பத்து நிமிஷம் பேசினான், அவங்க பாட்டி அதுல களியும் கிண்டும், அதே துடுப்பாலதான் இவனை அடிக்கவும் அடிக்குமாம், பாட்டி போனதுக்கப்புறம் வீட்டுல களி கிண்டறதையே விட்டுட்டாங்களாம். கஷ்டத்தைச் சொல்லுன்னு நான் கேட்டிருந்தா இது வந்திருக்காது.

வேலைக்காகாத தலைப்பும் சொல்றேன். "என் லட்சியம்"னு குடுத்தீங்கன்னா முப்பது பேரும் கலெக்டர் ஆயிடுவாங்க. "நான் சந்தித்த பாகுபாடு"ன்னு நேரா கேட்டீங்கன்னா யாரு பாதிக்கப்பட்டவங்களோ அவங்கதான் எழுந்து பாடம் எடுக்கற மாதிரி ஆகும், மத்தவங்க கை கட்டி உக்காந்து கேப்பாங்க, அது நியாயமே இல்ல. சாதியைப் பத்தின கதை வரவேண்டிய எடத்துல தானா வரும். ஸ்கூல் பசங்க சாதியைக் காட்டுற கலர் கயிறு கையில கட்டிட்டு வர்றதைப் பத்தி நீதிபதி சந்துரு கமிட்டி 2024-ல அறிக்கை குடுத்துச்சு, கயிறு பொட்டு எல்லாம் வேணாம்னு அதுல ஒரு பரிந்துரை, சரிதான், ஆனா என் வகுப்புல கயிறே கட்டாத பையனுக்கும் யாரு பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

அதனால முதல்லயே ஒரு விதி போட்டுடுவேன்: ஜோடியா பேசறப்ப "எந்தப் பக்கம்" கேள்வி கெடையாது. ஊர் பேரைக்கூட அவங்களா சொன்னாத்தான். இதைச் சொல்றப்ப வகுப்புல ஒரு மாதிரி அமைதி வரும், எல்லாருக்கும் எதுக்குன்னு தெரியும்.

ஜோடி

"உங்களுக்குப் புடிச்சவங்களோட சேந்துக்கோங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அரூர் பஸ் அரூர் பஸ்ஸோடயே போயிடும். நான் இருபது பேருன்னா ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்வேன், மறுபடியும் ஒண்ணுல இருந்து, ஒரே நம்பர் வந்தவங்க ஜோடி. அதுலயும் தில்லாலங்கடி பண்ணி எடம் மாறி உக்காருவாங்க, அதனால எண்ணி முடிக்கிற வரைக்கும் எதுக்கு எண்றோம்னு சொல்றதில்ல. ஆளு ஒத்தைப்படையா வந்தா மூணு பேரா விடுங்க, ஒருத்தர் கதையை அடுத்தவர்னு சுத்தி வரும். இல்லன்னா நீங்களே அந்த ஒத்தை ஆளோட ஜோடி சேருங்க. நான் எப்படியும் ஒரு ரவுண்டாவது சேந்துடுவேன், சார் கதையை ஒருத்தன் "நான் பத்தாவதுல கணக்குல முப்பத்தாறு எடுத்தேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னா அதுக்கப்புறம் வகுப்பு வேற மாதிரி ஆயிடுது.

பையன் பொண்ணு ஜோடி விஷயம். நம்ம காலேஜ்கள்ல அதைக் கட்டாயப்படுத்தாதீங்க, முதல் தடவை வேணவே வேணாம். மரத்தடியில ஒரு பொண்ணு ஒரு பையனோட பத்து நிமிஷம் பேசிட்டு இருந்தா சாயங்காலம் பஸ் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடும், அடுத்த நாளு அந்தப் பொண்ணு படிப்பே நின்னாலும் நிக்கும், நான் மிகைப்படுத்திச் சொல்லல. வட்டத்துல எல்லாரும் கலந்துதான உக்காரப்போறாங்க, அங்க ஒருத்தர் கதை ஒருத்தர் காதுல விழும், அது போதும். மூணாவது நாலாவது ரவுண்டுல வகுப்புக்குள்ளயே, எல்லார் கண்ணு முன்னாடியும் வெச்சுக் கலக்கலாம்.

சும்மா பக்கத்துல உக்கார வெச்சா பாசம் வந்துரும்னு மட்டும் நெனைக்காதீங்க. 1971-ல டெக்சாஸ்ல ஆஸ்டின் நகரத்துல கறுப்பு, வெள்ளை, மெக்சிகன் பசங்களை ஒரே ஸ்கூல்ல சேத்தப்போ சண்டைதான் அதிகமாச்சு, அப்ப எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் பாடத்தைத் துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு, ஒருத்தன் துண்டை அடுத்தவன் காது குடுத்துக் கேட்டாத்தான் பாடம் முழுசாகும். இங்கயும் கிட்டத்தட்ட அதேதான். என் கதை அவன் கையில இருக்கு, அவன் கதை என் கையில இருக்கு, நான் ஒழுங்கா கேக்கலன்னா வட்டத்துல எனக்குத்தான் வாய் அடைக்கும்.

நேரம்

ஒரே பீரியட்ல அடைக்கப் பாக்காதீங்க. ரெண்டு ஐம்பது நிமிஷம் சேத்து நூறு நிமிஷம்னு வெச்சுக்கிட்டா என் கணக்கு இது: விளக்கம் சொல்ல பத்து நிமிஷம், போன் எல்லாம் மேசை மேல கவுத்து வெச்சுட்டு சும்மா யோசிக்க அஞ்சு, ஜோடியா பேச ஆளுக்கு எட்டு, அப்புறம் சரிபாக்க நாலு, வட்டம் முப்பது, கடைசிப் பேச்சு இருபது. மீதி மரத்தடிக்கும் வகுப்புக்கும் நடக்கறதுலயே போயிடும்.

வகுப்புல அறுபது பேரு இருந்தா லேப்புக்கு பேட்ச் பிரிக்கற மாதிரி பிரிச்சிருங்க, ஒரு பேட்சுக்கு இருபது பேரு, பத்துப் பத்தா ரெண்டு வட்டம். மத்தவங்களை லைப்ரரிக்கு அனுப்புங்க, இல்லன்னா கூட வேலை செய்யற யாராவது மேடத்தைக் கெஞ்சிக் கேளுங்க. வட்டத்துல பத்து பேருக்கு மேல போனா ஏழாவது ஆளு சொல்றப்பவே மத்தவங்க கொட்டாவி விட ஆரம்பிச்சிருவாங்க, இது என் அனுபவத்துல மாறவே மாறாத ஒண்ணு.

யோசிக்கற அஞ்சு நிமிஷத்தைச் சாப்பிட்டுடாதீங்க. அது இல்லன்னா முதல்ல வாயில வர்றதைச் சொல்லிட்டு அப்புறம் "சார் நான் வேற கதை சொல்லட்டா"ம்பாங்க.

கேக்கறது

கேக்கறவன் நோட்டு எடுக்கக்கூடாது, நடுவுல "எனக்கும் அப்படித்தான்டா நடந்துச்சு"ன்னு பூந்துடக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது. இந்த மூணாவதுதான் நம்மாளுங்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஒருத்தன் வாயைத் தொறந்தா உடனே அவனைத் திருத்தியாகணும் நமக்கு. அமைதியா இருந்தா இருக்கட்டும். கேள்வி கேக்கலாம், ஆனா சின்னச் சின்னதா: "அப்ப மணி என்ன இருக்கும்?", "யாரு கூட இருந்தா?", "என்ன சட்டை போட்டிருந்த?" இந்த மாதிரி. "உனக்கு எப்படி ஃபீல் ஆச்சு?"ன்னு எல்லாம் கேக்க வேணாம், அதைக் கேட்டா நம்ம பசங்க வெக்கப்பட்டுக்கிட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு முடிச்சிருவானுங்க. சட்டை கலரைக் கேட்டா மீதி தானா வரும்.

ரெண்டு பேரும் சொல்லி முடிச்சதும் அந்த நாலு நிமிஷம் சரிபாக்கறது இருக்கு பாருங்க, அதை நான் ரெண்டாவது வருஷம்தான் சேத்தேன். கேட்டவன் கேட்டதைச் சுருக்கமா திருப்பிச் சொல்லணும், சொன்னவன் தப்பைத் திருத்தணும், அதோட இன்னொண்ணும் சொல்லணும்: "இதுல எதை வட்டத்துல சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது." கதை அவனோடது, இவன் கொஞ்ச நேரம் தூக்கிட்டுப் போறான், அவ்வளவுதான், சந்தையில மூட்டை தூக்கறவரு மூட்டையைப் பிரிச்சுப் பாக்கறதில்லையே. வேணாம்னு சொன்னதை ஒருத்தன் வட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டா நான் அங்கயே கைதூக்கி நிறுத்திடுவேன், மூஞ்சி பாக்கறதில்ல.

வட்டம்

பெஞ்சை நகத்த முடியலன்னா வெளியில புங்கமரத்தடியோ வராண்டாவோ போதும், தரையில உக்காரட்டும், நீங்களும் தரையில உக்காருங்க. யாரு முதல்லன்னு நீங்க கூப்பிடாதீங்க, யாராவது ஆரம்பிப்பாங்க, அந்த ஒரு நிமிஷ அமைதியைத் தாங்கிக்கோங்க. ஒருத்தர் கதை வந்ததும் அவரோட ஜோடி அடுத்துச் சொல்லிடணும், இல்லன்னா சொல்லாத ஆளு வயித்துல புளி கரைச்ச மாதிரி உக்காந்திருப்பாங்க. கைதட்டல் வேணாம். ஒருத்தருக்குத் தட்டி ஒருத்தருக்குத் தட்டாம விட்டா அது மார்க் போட்ட மாதிரிதான்.

போன வருஷம் தழும்பு தலைப்பு குடுத்திருந்தேன். பொதுவா அது ஜாலியான தலைப்பு, சைக்கிள்ல விழுந்தது, மாடு முட்டினது, தீபாவளி வெடின்னு ஓடும். அதுல டவுன்ல இருந்து வர்ற ஒரு பொண்ணு, நல்லா வெள்ளைவெளேர்னு பல்லு, அதோட ஜோடி பென்னாகரம் பக்கத்துப் பொண்ணு. டவுன் பொண்ணு ஆரம்பிச்சுது: "நான் போட்டோவுல சிரிக்க மாட்டேன். சின்ன வயசுல எங்க ஊர்ல போர் தண்ணிதான். ரெண்டாவது படிக்கறப்ப முன்பல்லு விழுந்து புதுசு முளைச்சுது, முளைக்கறப்பவே மஞ்சளா கோடு கோடா. அழுக்குன்னு நெனச்சு செங்கல் பொடி வெச்செல்லாம் தேச்சேன், ஈறுல ரத்தம் வந்துச்சு. எங்கம்மா பல்லும் அப்படித்தான், ஆனா எங்கம்மா நல்லா வாயைத் தொறந்துதான் சிரிக்கும்." இதைச் சொல்லிட்டு இருக்கறப்பவே அந்த டவுன் பொண்ணோட கை தன்னால துப்பட்டா முனையைத் தூக்கிட்டுப் போய் வாயை மூடுது. அதுக்கே தெரியல. எதுத்தாப்ல உக்காந்திருந்த கதைக்காரப் பொண்ணு பாத்துட்டு "ஏய், நான் அவ்ளோலாம் மூடமாட்டேன்டி"ன்னுச்சு, வட்டமே சிரிச்சுது, அதுவும் சிரிச்சுது.

அப்புறம் கடைசிப் பேச்சுல டவுன் பொண்ணு சொன்னது: "அவ சிரிக்கவே மாட்டா சார், திமிரு புடிச்சவன்னு நெனச்சிருந்தேன்."

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இந்தப் பல்லு புதுசில்ல. நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, நம்ம பக்கம் நெறைய ஊர் போர்ல அதுக்கு மேலதான். நிரந்தரப் பல்லு ஈறுக்குள்ள உருவாகற குழந்தைப் பருவத்துல அந்தத் தண்ணியைக் குடிச்சா எனாமல்லயே கறை ஏறிடும், தேச்சாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லதான் வந்துச்சு, அதுக்குள்ள இந்தப் பொண்ணுங்களுக்கு ஆறேழு வயசு ஆயிடுச்சு, பல்லு உள்ள தயாராயிடுச்சு. இதை அடுத்த நாள் வகுப்புல நான் அஞ்சு நிமிஷம் விளக்கினேன், யார் பேரையும் சொல்லாம. கதை முதல்ல, விளக்கம் அடுத்த நாள். அன்னைக்கே விளக்கியிருந்தா அந்தப் பொண்ணு பாடத்துல வர்ற உதாரணமாயிருக்கும்.

வீட்டுல வேற பாஷை பேசறவங்க

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நடத்தறீங்கன்னா இது முக்கியம். வீட்டுல தெலுங்கு, கன்னடம், உருது பேசிட்டு வகுப்புல மட்டும் தமிழ் பேசற பசங்க நெறைய. ஜோடியா பேசறப்ப எந்தப் பாஷையில வேணா பேசட்டும், கலந்து பேசட்டும். வட்டத்துல ஒரு பாலக்கோட்டுப் பையன், தக்காளி வண்டி லோடு அடிக்கற வீடு, நல்ல வாய்க்காரன், வீட்டுல வேற பாஷை பேசற தன் ஜோடியோட கதையை இப்படிச் சொன்னான்: "நான் ஆறாவதுல 'மழை'ன்னு படிக்கறதுக்கு 'மளை'ன்னு படிச்சேன், வகுப்பே சிரிச்சுது, அதுல இருந்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னா வயித்து வலின்னு சொல்லிடுவேன்." கதைக்குச் சொந்தக்காரன் குறுக்க வந்து "ஆறாவது இல்ல, ஏழாவது"ன்னு திருத்தினான், அது ஒண்ணுதான் அவன் அன்னைக்குப் பேசினது. ஆனா முதல் வருஷத்துல அவனை 'மளை'ன்னு கூப்பிட்டதே இந்தப் பாலக்கோட்டுப் பையன்தான்னு வட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல, அவனும் மன்னிப்பெல்லாம் கேக்கல. அந்தப் பேரு மட்டும் அதுக்கப்புறம் என் காதுல விழல.

மன்னிப்பு கேக்க வெக்கணும், கட்டிப்புடிக்க வெக்கணும்னு நமக்கு ஒரு ஆசை வரும், அதை அடக்கிக்கோங்க.

கடைசி இருபது நிமிஷம்

மூணு கேள்வி போதும். உன் கதையை இன்னொருத்தர் வாயில கேட்டப்ப எது வேற மாதிரி இருந்துச்சு? அடுத்தவர் கதையைச் சொல்றப்ப எந்த எடத்துல தடுமாறின? எதைச் சொல்லாம விட்ட, ஏன்? மூணாவதுக்கு வாயால பதில் வராது, வரணும்னும் இல்ல, மனசுக்குள்ள யோசிக்கட்டும். ரெண்டாவது கேள்விதான் எனக்குப் புடிச்சது. "சார், அவன் அப்பா அடிச்சதைச் சொல்றப்ப 'எங்கப்பா என்னை அடிச்சாரு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல, எங்கப்பா அடிக்கவே மாட்டாரு"ன்னு ஒருத்தன் சொன்னான். அதைவிட நான் என்ன பாடம் நடத்திடப் போறேன்.

மார்க் போடாதீங்க. இன்டர்னல்ல சேக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எல்லாக் கதையும் பொய்யாயிடும். அட்டெண்டன்ஸ் மட்டும் போடுங்க. காலேஜுக்கு கிரேடு போடுற NAAC கமிட்டிக்குக் காட்டலாம்னு போட்டோ வீடியோ கேப்பாங்க, காலி வட்டத்தை போட்டோ எடுத்துக் குடுங்க, ஆளு இல்லாம. நான் அப்படித்தான் குடுத்தேன், திட்டு வாங்கினேன், பரவாயில்ல.

கனமான கதை வந்தா

எவ்வளவு சின்னத் தலைப்பு குடுத்தாலும் என்னைக்காவது ஒண்ணு வரும். அதுக்குத் தயாரா இருக்கணும், இல்லன்னா இதை ஆரம்பிக்கவே வேணாம்.

முதல் விஷயம், சொல்லாம இருக்கற உரிமை. "பாஸ்"னு சொன்னா பாஸ்தான், ஏன்னு கேக்கக்கூடாது. அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கு, 1992-ல வனத்துறை, போலீஸ் ஆளுங்க அந்த மலைவாழ் மக்களோட ஊருக்குள்ள பூந்து அடிச்சு, பொண்ணுங்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணதுக்கு 2011-லதான் தருமபுரி கோர்ட்டுல தீர்ப்பு வந்துச்சு, 2023-ல ஹைகோர்ட்டு அதை உறுதி பண்ணுச்சு. கோர்ட்டுலயே ஒரு கதை முழுசாக் கேக்கப்பட முப்பது வருஷம் ஆகியிருக்கு, உங்க ரெண்டு பீரியடுக்குள்ள ஒரு பையனோ பொண்ணோ எல்லாத்தையும் எடுத்து வெச்சிடணும்னு எந்தக் கட்டாயமும் கெடையாது.

ரெண்டாவது, ரகசியம் காப்போம்னு வாக்குக் குடுக்கறப்ப ஒரு கோடு போட்டுச் சொல்லிடுங்க. முதல் வருஷத்துல பதினேழு வயசுப் பசங்க இருப்பாங்க. பதினெட்டுக்குக் கீழ இருக்கற ஒருத்தர்கிட்ட பாலியல் தொந்தரவு நடந்ததா உங்களுக்குத் தெரிய வந்தா போக்ஸோ சட்டப்படி நீங்க புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா அது குத்தம். அதனால "இங்க பேசறது இங்கயே இருக்கும், ஆனா யார் உயிருக்காவது உடம்புக்காவது ஆபத்துன்னா நான் உதவி தேடுவேன்"னு ஆரம்பத்துலயே சொல்லிடறது நேர்மை. வீட்டுல சின்ன வயசுக் கல்யாணம் பேசிட்டு இருக்காங்கன்னு வந்தாலும் குழந்தைங்க உதவி நம்பர் 1098 இருக்கு, நம்ம பக்கம் அது வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்னு உங்களுக்கே தெரியும். மனசு ரொம்ப உடைஞ்ச மாதிரி தெரிஞ்சா அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ் இருக்கு, நம்பர் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். இந்த ரெண்டு நம்பரையும் நான் போர்டு ஓரத்துல முதல்லயே எழுதிடுவேன், அழுதப்புறம் எழுதினா அது அந்த ஆளுக்காக எழுதின மாதிரி ஆயிடும்.

மூணாவது, அழுதா என்ன பண்றது. ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி பாட்டிலை நகத்தி வைங்க. "போதும்மா"ன்னு நிறுத்தவும் வேணாம், "சொல்லு சொல்லு"ன்னு தூண்டவும் வேணாம். முடிஞ்சதும் தனியா கூப்பிட்டு "சாப்டியாம்மா"ன்னு கேளுங்க, அடுத்த ரெண்டு மூணு நாளு வந்துச்சான்னு பாருங்க. என் முதல் தடவையில நான் பண்ணாதது இதைத்தான்.

எத்தனை தடவை

ஒரு தடவை பண்ணிட்டு மாற்றம் வந்துச்சான்னு பாக்காதீங்க. செமஸ்டருக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற ஜோடி, தலைப்பு கொஞ்சம் கொஞ்சமா ஆழமாகணும். ஆர்தர் ஆரன்னு ஒரு உளவியல்காரர் 1997-ல முப்பத்தாறு கேள்வி வெளியிட்டாரு, முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரை முக்கால் மணி நேரத்துல நெருக்கமாக்க முடியுமான்னு பாத்த ஆராய்ச்சி, அதுலயும் முதல் கேள்விங்க லேசானதுதான், போகப்போகத்தான் கனம் ஏறும். முதல் தடவை பஸ், ரெண்டாவது தடவை பொருள், மூணாவது தடவைதான் தழும்புன்னு நான் வெச்சிருக்கேன். மூணாவது வருஷப் பசங்களுக்கு, ஏற்கனவே அடிச்சுக்கிட்ட குரூப் ஏதாவது இருந்தா, பஸ்லயே நிறுத்திக்கோங்க.

எங்க வகுப்புல இன்னும் பஸ் ரூட் படிதான் உக்காறாங்க, அதைச் சொல்லாம விட்டா பொய் சொன்ன மாதிரி. பெஞ்சு மாறல. பென்னாகரம் பொண்ணும் டவுன் பொண்ணும் மத்தியானம் டிபன் பாக்ஸ் மாத்திக்கறாங்க, அப்புறம் அவங்கவங்க எடத்துக்குப் போயிடறாங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். கடைசி ரெண்டு பீரியட்ல மட்டும் வெக்காதீங்க. சாயங்கால பஸ்ஸை விட்டா சித்தேரி மலைக்குப் போற பசங்களுக்கு அடுத்தது எப்பன்னே சொல்ல முடியாது, வட்டத்துல உக்காந்துட்டு யாரு கதையையும் கேக்காம வாட்சையே பாத்துட்டு இருப்பாங்க. காலையில ரெண்டாவது மூணாவது பீரியட் கேட்டு வாங்குங்க.